தரையில் விழாத நிழலும் கவிழ்த்து வைத்த டம்ளரும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. இந்த ஒரு வரியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. சுற்றுலா போகும் பேருந்திலேயே ஆரம்பித்துவிடும். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "சார், அது உண்மையா?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒன்று, "அதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதை, உட்கார்." இன்னொன்று, "ராஜராஜன் காலத்துப் பொறியியல் அப்படி!" இரண்டுமே அந்தப் பிள்ளையின் வாயை அடைக்கின்றன. கோயிலைப் பார்த்துவிட்டு வந்து "நிழலைக் காணோமே" என்று சொன்னவர்கள் எதையோ நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். அது என்ன என்று கேட்காத விளக்கம் எடுபடாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? காலை எட்டு மணிக்குப் போனவர் யாரும் நிழல் விழவில்லை என்று சொல்ல மாட்டார்; அப்போது மேற்குப் பக்கம் முழுக்க நிழல்தான். "மதியம், கோடை விடுமுறையில்" என்றுதான் பதில் வரும். அங்கே பாதிச் சங்கதி அவிழ்ந்துவிட்டது. மீதிக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும்.

வாய் அகன்று அடி சிறுத்த சாதாரண டம்ளர். ஒன்றை நேராக வையுங்கள், இன்னொன்றைக் கவிழ்த்து வையுங்கள். சூரியன் தலைக்கு மேலே இருக்கும் வேளையில் நேராக வைத்ததைச் சுற்றி வளையம்போல ஒரு நிழல் இருக்கும். அகன்ற வாயின் நிழல் சிறுத்த அடியைத் தாண்டி விழுகிறது. கவிழ்த்து வைத்ததற்கு நிழலே தெரியாது. மேல்பகுதியின் நிழல் அதன் சொந்த உடம்பின் மேலேயே விழுந்துவிடுகிறது. 10 செ.மீ. உயரமுள்ள டம்ளர் ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. குறுகினால் பக்கச் சாய்வு ஏறக்குறைய 6 டிகிரி. சூரியன் உச்சியிலிருந்து 6 டிகிரிக்குள் இருக்கும் வரை கவிழ்த்த டம்ளரின் நிழல் வெளியே எட்டிப் பார்க்காது. நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று கணக்கிட்டால், உச்சிக்கு முன்னும் பின்னுமாக முக்கால் மணி நேரம்.

பெரிய கோயில் விமானம் 60 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கவிழ்த்த டம்ளர். அடி சுமார் 30 மீட்டர் அகலம். மேலே போகப் போகக் குறுகுகிறது. தஞ்சாவூரில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 13 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. அப்போது சிகரத்தின் நிழல் அடித்தளத்தை ஒட்டியே அடங்கிவிடுகிறது. பார்த்தவர்கள் பார்த்தது இதைத்தான். 'எப்போதுமே விழாது' என்று நீட்டியதுதான் பிசகு. டிசம்பர் கடைசியில் அதே இடத்தில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். 60 மீட்டர் உயரத்துக்கு நிழல் 40 மீட்டர் நீளும். நடுவிலிருந்து அடித்தளத்தின் பாதி 15 மீட்டரைக் கழித்தால், 25 மீட்டராவது வடக்கு முற்றத்தில் விழுந்தாக வேண்டும்.

அறிவியலைப் பொதுமக்களுக்குச் சொல்வது பற்றிப் பேசும்போது "எளிமையாகச் சொல்லுங்கள்" என்பதே முதல் அறிவுரையாக வருகிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். எளிமையாகச் சொல்லப்பட்ட தவறுகள்தான் நாட்டில் அதிகம் உலவுகின்றன. நிழல் தரையில் விழாது என்பதைவிட எளிமையான வாக்கியம் ஏது? கேட்பவர் முன்கூட்டியே ஒரு பதிலை ஊகித்து, அந்த ஊகத்தைத் தன் கையாலேயே அளந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்வதுதான் கடினமான வேலை. அதற்கு நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறை செலவில்லாமல் கிடைக்கும் வாய்ப்பு, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் 'நிழலில்லா நாள்'. அதை எப்படி நடத்துவது, எங்கே சொதப்பும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பெயரே ஒரு வம்பு. 'நிழலில்லா நாள்' என்று துண்டறிக்கை அடித்தால் காலை ஒன்பது மணிக்கே வாசலில் நின்று தன் நிழலைப் பார்த்துவிட்டு "எல்லாம் பொய்" என்று உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாள் என்று சொன்னது நாம். நிழல் மறைவது ஒரு சில நிமிடம். அதோடு, நிழல் எங்கும் போய்விடுவதில்லை. பொருளின் காலடியில் ஒளிந்திருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தரையில் வைத்து, பிறகு அதை மட்டமாகப் பிடித்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு அடி உயரத்தில் புத்தகம், அதற்கு நேர் கீழே அச்சாக அதே நிழல். குழந்தைகள் உடனே குதித்துப் பார்ப்பார்கள். குதிக்கட்டும், அதுவும் பரிசோதனைதான். சென்னையில் நடத்தினால், அழைப்பிதழில் "நிழல் காலடிக்குள் ஒளியும் நேரம்: நண்பகல் 12.07" என்று போட்டால் பாதிக் குழப்பம் தீரும். இலங்கையில் வானிலைச் செய்திகளில் சூரியன் 'உச்சம் கொடுக்கும்' என்கிறார்கள்; ஏப்ரல் 5 முதல் 15ஐ ஒட்டி ஒவ்வோர் ஊராகச் சொல்லி வருவார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. நிழலை விட்டுவிட்டு, காரணமான சூரியனைச் சுட்டுகிறது.

எந்த நாள்? சூரியன் மார்ச் 21 வாக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வருகிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10ஐ ஒட்டி, மதுரைக்கு 15 அல்லது 16, திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் 18, சென்னைக்கு 24 அல்லது 25. கடகரேகை வரை போய்த் திரும்பும்போது சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், திருச்சிக்கு 25, மதுரைக்கு 27 அல்லது 28, கன்னியாகுமரிக்கு செப்டம்பர் 1. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் அட்சக்கோட்டில் 5 டிகிரி வித்தியாசம். வடக்கு தெற்காக அளந்தால் 555 கி.மீ. சூரியன் அதைக் கடக்க 14 நாள் எடுத்துக்கொள்கிறது என்றால் நாளொன்றுக்கு 40 கி.மீ. நல்ல நடைகாரர் ஒரு நாளில் நடந்து முடிக்கும் தூரம். இந்த ஒப்பீட்டைச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் "அப்போ பாதயாத்திரை போகிற மாதிரி சூரியன் கூடவே போனால் தினமும் நிழல் இருக்காதா?" என்று கேட்பார். இருக்காதுதான். டெல்லிக்கு இது ஒரு நாள்கூடக் கிடையாது. கடகரேகை 23½ டிகிரியில் நின்றுவிடுகிறது, டெல்லி 28½ டிகிரிக்கு மேல்.

"சூரியன் நகர்கிறது என்று சொல்லலாமா, பூமிதானே சுற்றுகிறது?" என்று நுனிப்புல் மேய்ந்த யாராவது திருத்த வருவார்கள். தாராளமாகச் சொல்லலாம். நின்ற இடத்திலிருந்து பார்க்கிற பேச்சு அது. பூமி 23½ டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால் நமக்கு அப்படித் தெரிகிறது என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, அதன் பிறகு கூச்சமில்லாமல் 'சூரியன் வடக்கே போகிறது' என்றே பேசுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் பூமியைச் சுழற்றிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

அடுத்த பொறி, 12 மணி. உச்சி வேளை என்றால் 12 மணி என்றே எல்லோரும் வைத்திருக்கிறோம். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ டிகிரி தீர்க்கக்கோட்டின் நேரம். சென்னை அதற்கு மேற்கே 2 டிகிரிக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 9 நிமிடம் தாமதம். அதோடு பூமியின் சுற்றுப்பாதை வட்டமில்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஆண்டு முழுவதும் சில நிமிடங்கள் முன்னே பின்னே போகும். இதெல்லாம் சேர்ந்து சென்னைக்கு ஏப்ரல் 24 அன்று 12.07, ஆகஸ்ட் 18 அன்று 12.13. மதுரைக்கு ஏப்ரலில் 12.17, கன்னியாகுமரிக்கு 12.21. பள்ளி மணி 12 அடித்ததும் எல்லோரையும் வெளியே ஓட்டி வந்து, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினால் மதுரைப் பிள்ளைகள் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். சூரியன் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. உச்சியை ஒட்டிய நேரத்தில் 1 மீட்டர் கோலின் நிழல் நுனி நிமிடத்துக்கு 4 மி.மீ.க்குச் சற்று மேல் ஓடும். 12 மணிக்கு மதுரையில் அந்த நிழல் ஏழு செ.மீ. இருக்கும். அதைப் பார்த்து "கொஞ்சம் இருக்கு, பரவாயில்லை" என்று கைதட்டினால் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

வெளியே கூட்டி வருவதற்கு முந்தின நாளே ஒரு காரியம் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். நடுவில் ஒரு புள்ளி, அதுதான் கோல். 11.30, 12, 12.07, 12.30 ஆகிய நேரங்களில் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று கோடு போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு கேள்வி: ஜூன் மாதம் நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? பெரும்பாலும் வடக்கு என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் சூரியன் தெற்கே இருப்பதாகத்தான் புத்தகப் படங்கள் பழக்கியிருக்கின்றன. சென்னைக்கு ஏப்ரல் 24க்கும் ஆகஸ்ட் 18க்கும் இடையே நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21 அன்று 1 மீட்டர் கோலுக்கு 18 செ.மீ. டிசம்பரில் அதே கோலுக்கு வடக்கே 74 செ.மீ. வடக்கு வாசல் வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும், வைகாசி ஆனியில் மத்தியான வெயில் அவர்கள் சுவரைத்தான் சுடும். தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரி, தப்பு எதுவும் சொல்லக் கூடாது. நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மறுநாள் அவர்கள் நிழலைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் பதிலைத்தான் தரையில் தேடுவார்கள்.

இனி கோல். இங்கேதான் நிகழ்ச்சிகள் கவிழ்கின்றன. ஒரு மீட்டர் கோல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் நிழல் 17 மி.மீ. வெளியே நீட்டும். ஒரு நாள் தவறிப் பார்த்தால்கூட ஏப்ரல் கடைசியில் 6 மி.மீ. தான் நீளும். ஆக, நாளைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதைவிட மூன்று மடங்கு மோசம், கோலைச் சாய்த்து நடுவது. முக்கால் அங்குல பிவிசி குழாயை மண்ணில் குத்தி நிறுத்துவது வழக்கம். வெயிலில் குழாய் லேசாக வளையும், மண் இளகும். அதைவிட ஜிஐ குழாயை ஒரு பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் போட்டு நிறுத்துவது மேல். ஊற்றும்போதே தூக்குக்குண்டை இரண்டு திசையில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஒரு திசையில் மட்டும் பார்த்தால் மறுதிசைச் சாய்வு தெரியாது. நிகழ்ச்சியன்று டப்பாவை வைக்கும் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பள்ளி மைதானம் மழைநீர் ஓட வாட்டமாகத்தான் இருக்கும். டப்பாவின் அடியில் அட்டைத் துண்டு செருகிச் சரிசெய்யலாம்.

கோலே வேண்டாம் என்பது என் கட்சி. கொத்தனாரின் தூக்குக்குண்டு எப்போதும் நெட்டுக்குத்தாகவே தொங்கும், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மூங்கில் கழிகளை மேலே சேர்த்துக் கட்டி முக்காலி போல நிறுத்துங்கள். உச்சியிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நூலில் ஒரு வாஷரை முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். குண்டுக்கு நேர் கீழே தரையில் காக்கித்தாள் விரித்து ஒரு புள்ளி. வாஷரின் நிழல் எப்போது அந்தப் புள்ளியைத் தொடுகிறதோ அதுதான் உச்சி. கழிகள் சேரும் முடிச்சு வாஷருக்கு மிக அருகில் இருந்தால் இரண்டின் நிழலும் கலந்துவிடும். குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். அப்படியும் உச்சி நேரத்தில் முடிச்சின் நிழல் நடுவுக்கு வரும். அதனால் முக்காலிக்குப் பதிலாக ஒரு பக்கம் நீட்டிய ஒற்றைக் கழியில், மெல்லிய கம்பி நுனியிலிருந்து தொங்கவிட்டால் இன்னும் சுத்தம். காற்றில் நூல் ஆடும். குண்டை ஒரு குவளைத் தண்ணீருக்குள் முங்கும்படி விட்டால் ஆட்டம் அடங்கும். அப்போது புள்ளியைக் குவளை வைப்பதற்கு முன்பே குறித்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கடம், நிழலின் ஓரம் கூர்மையாக இருக்காது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமான வட்டு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பு 9 மி.மீ. வரை மங்கலாகத்தான் இருக்கும். "சார், எது வரைக்கும் நிழல்?" என்று பிள்ளைகள் கேட்பது சரியான கேள்வி. கோலை நீளமாக்கினால் துல்லியம் கூடும் என்று நினைத்து 3 மீட்டர் கம்பம் நட்டால் மங்கலும் மூன்று மடங்காகும். இதற்கு நல்ல மாற்று, நிழலுக்குப் பதில் ஒளியைப் பிடிப்பது. உள்ளங்கை அகல அட்டையில் 3 மி.மீ. துளை போட்டு 1 மீட்டர் உயரத்தில் மட்டமாக வையுங்கள். கீழே அட்டை நிழலின் நடுவில் கடலைப்பருப்பைவிடச் சற்றுப் பெரிய ஒளிவட்டம் விழும். அது சூரியனின் பிம்பமே. துளையைச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டிப் பாருங்கள், கீழே விழுவது வட்டமாகவே இருக்கும். வட்டத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது மங்கலான ஓரத்தைக் கண்டுபிடிப்பதைவிட எளிது. சூரியனை நேராக யாரும் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. நிழலைக் குனிந்து பார்க்கிற நிகழ்ச்சிதான் என்றாலும், உச்சியில் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிற ஆள் எங்கும் உண்டு. தொடங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த 9 மி.மீ. மங்கலில் ஒரு லாபமும் உண்டு. ஒரு நாள் முன்னே பின்னே போனால் வரும் 6 மி.மீ. வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடுகிறது. குறித்த நாளில் மேகம் மூடினால் மறுநாள் பார்க்கலாம், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆகஸ்ட் நிகழ்ச்சிக்கு மூன்று நாட்களை ஒதுக்கி வைப்பது நல்லது. மிகத் துல்லியமாக 12.07.23 என்று நொடி வரை அறிவிப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. உங்கள் கோலுக்கு அந்த நொடி தெரியாது.

கூட்டம் பற்றி. ஐம்பது பேருக்கு ஒரு கோல் என்றால் முதல் வட்டத்தில் நிற்கும் எட்டுப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பது முன்னே நிற்பவர் முதுகைத்தான். எட்டுப் பேருக்கு ஒரு கோல் வையுங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் நுனியைக் குறிக்க, ஒருவர் எழுத. 11.30க்குத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, 12.40 வரை. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்காக ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோடு கோலின் அடியைத் தொட்டுக்கொண்டு போனால் இன்று உங்கள் ஊர் நாள். ஏப்ரலில் அது வடக்கே தள்ளிப் போனால் சூரியன் இன்னும் வரவில்லை. தெற்கே போனால் தாண்டிவிட்டது. ஒரு நிமிட வேடிக்கையைவிட இந்தக் கோடுதான் பாடம். சித்திரை வெயிலில் எழுபது நிமிடம் என்பதை மறக்க வேண்டாம்: பந்தல், மோர், செருப்பு இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. பந்தலின் நிழல் கோல்மேல் விழாமலும் பார்க்க வேண்டும். சிறப்பு விருந்தினர் இருந்தால் பொன்னாடையை 11.15க்கே போர்த்திவிடுங்கள். 12.05க்கு மைக் பிடிப்பவர் 12.20க்கு முன் விடமாட்டார், அதற்குள் நிழல் மறுபக்கம் போய் ஐந்து செ.மீ. வளர்ந்திருக்கும்.

வகுப்பறையில் இதை விளக்க உலக உருண்டையும் டார்ச் விளக்கும் எடுப்பார்கள். டார்ச் ஒளி விரிந்து போகிறது. சூரியன் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் அதன் கதிர்கள் நமக்கு இணையாக வருகின்றன. உருண்டையில் குத்திய குச்சிகளின் நிழல் சரியாக வராது. உருண்டையையே வெயிலுக்குக் கொண்டுபோவது இதைவிட நல்ல வேலை. தாங்கியிலிருந்து அதைக் கழற்றிப் பிரிமணை மேல் வையுங்கள். தாங்கியோடு வைத்தால் பயனில்லை, தாங்கியின் சாய்வுக்கும் உங்கள் தரைக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் ஊர் உருண்டையின் உச்சியில் வரும்படியும், வடதுருவம் நிஜ வடக்கைப் பார்க்கும்படியும் திருப்புங்கள். இப்போது அந்த உருண்டை நீங்கள் நிற்கும் பூமியைப் போலவே நிற்கிறது. ஒரு செ.மீ. பல்குச்சித் துண்டுகளைக் களிமண்ணால் சென்னை, கன்னியாகுமரி, டெல்லி, நைரோபி என்று ஒட்டுங்கள். அந்தந்த ஊரில் அந்த நொடியில் நிழல் எப்படி விழுகிறதோ அப்படியே குச்சிகளின் நிழல் விழும். உருண்டையின் எந்தப் பாதி இருட்டாக இருக்கிறதோ அங்கே இப்போது இரவு. பெரியவர்களும் இதன் முன் ரொம்ப நேரம் நிற்பார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் பூமியையே அளந்துவிடலாம். கிமு மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்த அதே கணக்கு. தெற்கே சியீன் நகரில் நிழலில்லாத நாளில், வடக்கே அலெக்சாண்டிரியாவில் 7.2 டிகிரி நிழல். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. நமக்கு சென்னையும் கன்னியாகுமரியும். ஏப்ரல் 24 அன்று சென்னையில் நிழல் ஒளியும்போது கன்னியாகுமரியில் அவர்களுடைய உச்சி நேரமான 12.18க்கு 1 மீட்டர் கோலின் நிழல் தெற்கே 8.7 செ.மீ. இருக்கும். முக்கோணவியல் வேண்டாம். 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 செ.மீ.; அதை 8.7ஆல் வகுத்தால் 72. ஊர்களுக்கு இடையே 555 கி.மீ.யை 72ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ. பூமியின் சுற்றளவு அவ்வளவுதான். அழகாக வருகிறதே என்று இதைக் கரும்பலகையில் போட்டுக்காட்டி முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் அளந்தால் இப்படி வராது. கோல் ஒரு டிகிரி சாய்ந்தால் 5 டிகிரி 4 ஆகவோ 6 ஆகவோ மாறி, சுற்றளவு 50,000 அல்லது 33,000 என்று வரும். 555க்குப் பதில் சாலைத் தூரத்தைப் போட்டவர்களுக்கும் பூமி வீங்கிவிடும். வேண்டியது வடக்கு தெற்கு நேர்த் தூரம். எண்ணைத் திருத்தி 40,000 ஆக்கும் பழக்கம் நம் ஆய்வகப் பதிவேடுகளில் ஊறிப்போனது. 46,000 என்று வந்த குழு, ஏன் வந்தது என்று தன் கோலைச் சோதித்துப் பார்த்தால், சரியான விடையைக் காப்பியடித்த குழுவைவிட அதற்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

பொதுமக்கள் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒரே மாதிரிதான். "உச்சியில் சூரியன் ஏப்ரலில் என்றால் கத்திரி வெயில் ஏன் மே மாதம்?" அருமையான கேள்வி. அடுப்பைப் பற்றவைத்ததும் தோசைக்கல் காய்ந்துவிடுவதில்லை. வரும் வெப்பம் போகும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும் வரை தரை சூடேறிக்கொண்டே போகும். அதோடு சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 10½ டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. அதனால் குறையும் வெயில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மாறுவது மேகம், மண்ணின் ஈரம், கடற்காற்று எப்போது உள்ளே வருகிறது என்பது. ஆகஸ்டில் அதே சூரியன் அதே உச்சியில் நின்றும் ஏப்ரல்போலக் காயாததற்கும் இதுவே காரணம். "கோடையில் சூரியன் பக்கத்தில் வருகிறது" என்பவர்களுக்கு இரண்டே எண்: ஜனவரித் தொடக்கத்தில் 14.7 கோடி கி.மீ., ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. நாம் வேகும் மாதங்களில் சூரியன் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது.

"கர்ப்பிணிகள் வெளியே வரலாமா?" என்று தயங்கிக் கேட்பார்கள். கேலி செய்தால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும். நேற்று 12 மணி வெயிலில் என்ன இருந்ததோ அதுதான் இன்றும் இருக்கிறது, வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் நேற்றுப் போலவே இன்றும் நிழலில் இருக்கட்டும் என்று சொன்னால் போதும். கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டிய தாத்தா கூட்டத்தில் இருப்பார். "கிரகணத்தில்தான் நிற்கும்" என்பார். மறுக்க வேண்டாம், உலக்கை நின்றது உண்மை. ஓர் உலக்கையை அவர் கையிலேயே கொடுத்து இன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். பூண் தட்டையாக இருந்து, பொறுமையும் இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். கிரகணமில்லாத நாளில் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

"நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியும்" என்பவரும் வருவார். ஆமாம், நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும்போது இரண்டு கோல் நட்டு, நிழல் ஒரு பக்கமும் சாயாத நண்பகலில் கயிறு பிடித்துத் திசை குறிக்கும் காட்சி வருகிறது. பெருமைப்பட வேண்டிய இடம்தான், அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்ன கையோடு அவரையே ஒரு கோல் நடச் சொல்லுங்கள். இரண்டு கோலை நெட்டுக்குத்தாக நிறுத்துவது எவ்வளவு பாடு என்று தெரிந்தால் அந்த வரியைச் செய்தவர்மேல் மதிப்பு கூடும்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம். பாடநூலில் 'செங்குத்து' என்றிருந்தாலும் மைதானத்தில் 'நெட்டுக்குத்தாக' என்றால்தான் கை தானாக நிமிர்கிறது. டிகிரிதான் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், யாழ்ப்பாணத்தில் பாகை. நடுவரை விலக்கம் என்ற கலைச்சொல் இல்லாமலே இவ்வளவும் பேசிவிட முடிகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தேவைப்படும் மாணவர் ஒருவர் வருவார், "சூரியன் எவ்வளவு வடக்கே வந்திருக்கிறது என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறதா?" என்று அவராகவே கேட்பார். அப்போது கொடுக்கலாம்.

கோடையில் வாங்கிய ஊகத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மார்கழிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைத் தஞ்சைக்குக் கூட்டிப் போகும் பள்ளிகள் பெரிய கோயிலுக்கு 11 மணி வாக்கில் போகும்படி நேரம் வைத்துக்கொள்ளட்டும். 12.10க்கு வடக்கு முற்றத்துக்கு வந்தால் சிகரத்தின் நிழல் நுனி தரையில் கிடக்கும். அதன்மேல் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.